அலறல் வில்லனுக்கு மட்டும்தான்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேலாகிறது. பதில் போடாததற்கு இந்தத் தடவை என் சோம்பலைக் குறை சொல்ல முடியாது, பிலாமரம் விழுந்துவிட்டது. கிணற்றங்கரையில் நின்ற அந்த வரிக்கப் பிலா, நீயும் நானும் ஏறி உட்கார்ந்து பலாச்சக்கை தின்று, கையில் ஒட்டின அரக்கைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே பாடம் படித்தோமே, அதே மரம்தான். ஆடிக் காற்றில் ஒரு ராத்திரி வேரோடு சாய்ந்தது. எங்கள் பக்கமாகச் சாய்ந்திருந்தால் தொல்லை இல்லை, சித்தப்பா பக்கம் சாய்ந்து மதிலையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டது. மரம் அறுக்க ஆள் தேடி, மதிலை யார் கட்டுவது என்று பேச்சு வந்து, நடுவில் ரெண்டு நாள் கரண்டும் இல்லாமல் கிடந்து, இன்றைக்குத்தான் கருப்பட்டிக் காப்பியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். சித்தப்பா விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன், உன் கேள்விக்கும் அதற்கும் கொஞ்சம் சம்பந்தம் இருக்கிறது.

மற்றபடி சுகம்தான். முட்டுவலி மழைக்குக் கூடும், வெயிலுக்குக் குறையும். வீட்டுக்காரி என்னைவிட நன்றாக நடக்கிறாள். மகன் ஓணத்துக்கு வருவதாகச் சொல்கிறான், போன வருஷமும் சொன்னான்.

சரி, உன் பேத்தி காரியத்துக்கு வருவோம். பழைய கதைகளில் மறக்க முடியாத நாயகர்கள், வில்லன்கள் என்று கல்லூரியில் பேசப் போகிறாளாம், நீ மூன்று மூன்று பேராகக் காரணத்தோடு கேட்டிருக்கிறாய். கரண்டு இல்லாத ராத்திரியில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். வில்லன் பக்கம் மடமடவென்று பதினொரு பேர் வந்துவிட்டார்கள். நாயகன் பக்கம் வந்தியத்தேவனை எழுதினேன், ஏழை படும் பாடு கதையின் ஜீன் வால்ஜீனை எழுதினேன், அப்புறம் பேனா நின்றுவிட்டது. அந்த ரெண்டு பேரில் ஒருவன் வாய்த்துடுக்குக்காரன், மற்றவன் ரொட்டி திருடி ஜெயிலுக்குப் போனவன். ஒரு தப்பும் செய்யாத நாயகன் பெயர் எதுவும் சட்டென்று வரவில்லை. ராமனை எழுதலாம் என்றால், கதைக்காக நினைவிருக்கிறானா கும்பிட்டுப் பழகினதால் நினைவிருக்கிறானா என்று எனக்கே சந்தேகம்.

இது ஏன் என்று யோசித்தபோது திருவட்டாறு ஞாபகம் வந்தது. ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவுக்கு என் பாட்டா நம் ரெண்டு பேரையும் கதகளி பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாரே, உனக்கு நினைவிருக்கும். நீ பாதி ராத்திரி அவர் மடியில் தூங்கிவிட்டாய், நான் வேஷம் கட்டுகிற அணியறை வாசலில் போய் நின்றேன். உள்ளே பாயில் மல்லாந்து ஒருவர் கண்ணை மூடிக் கிடந்தார். தலைமாட்டில் இன்னொருவர் உட்கார்ந்து, அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்த வெள்ளையை அவர் தாடையோரம் வரிவரியாக வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சுட்டி குத்துவது என்பார்கள். மூச்சு விட்டால்கூட முகம் அசையும் என்று நினைத்து நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர் எழுந்து, கீழிமைக்குள் எதையோ போட்டுக் கண்ணை உருட்டினார், கொஞ்ச நேரத்தில் கண் ரெண்டும் ரத்தமாகச் சிவந்துவிட்டது. சுண்டப்பூவின் வித்து என்று பாட்டா பிறகு சொன்னார். ராவணனுக்காகத்தான் இது என்று நான் நினைத்தேன், பார்த்தால் பக்கத்தில் பச்சை வேஷம் போட்டவரும் அதையே போட்டுக்கொண்டிருந்தார்.

பச்சை என்றால் நாயகன், ராமன், நளன், அர்ச்சுனன் வகை. கத்தி என்றால் ராவணன், நரகாசுரன், கீசகன் வகை. இந்தக் கத்தி வேஷத்தின் முகத்தை நீ பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாயா? அடியில் பூசியிருப்பது அதே பச்சைதான். அதன் மேல் சிவப்பில் ஒரு கத்தி வரைந்து, மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெள்ளை உருண்டை ஒன்று வைத்திருப்பார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். பிறப்பில் குறை இல்லாத ஆள், நடுவில் எங்கேயோ கோடு மாறிப் போனவன் என்று முகத்திலேயே எழுதி அனுப்புகிறார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. கதகளியில் வேஷக்காரன் வசனம் பேசுவதில்லை, பாடுகிறவர் பின்னால் நின்று பாடுவார், இவர் கையாலும் கண்ணாலும் சொல்லுவார். பச்சை வேஷத்துக்கு வாயைத் திறந்து சத்தம் போட உரிமையே கிடையாது. கத்தியும், தாடி, கரி என்கிற வேஷங்களும்தான் அலறும். அந்த ராத்திரி திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து முதலில் வந்தது ராவணனின் அலறல். அப்புறம் சீலையின் மேல் விளிம்பில் நகம் வைத்த விரல்கள், பிறகு கிரீடம், பிறகு அந்தச் சிவந்த கண். திரைநோட்டம் என்று அதற்குப் பெயர், கொஞ்சம் கொஞ்சமாகச் சீலையைத் தாழ்த்தித் தாழ்த்தி முகம் காட்டுகிற அந்த மரியாதையும் இந்த வகை ஆட்களுக்குத்தான். நல்லவன் சும்மா வந்து நிற்பான்.

அன்று ஆடினது பாலி விஜயம். நாரதர் வந்து உசுப்பிவிட, ராவணன் தான் கைலாயத்தை எடுத்த கதையை நடித்துக் காட்டுகிறான். வெறும் தரையில் குனிந்து, இல்லாத மலையின் அடியில் கையைக் கொடுத்து, அசைத்துப் பார்த்து, வராமல், மறுபடி குனிந்து, கழுத்து நரம்பு புடைக்க அவர் தூக்கினபோது எனக்குத் தோள் வலித்தது. அதற்குப் பல வருஷம் கழித்து பள்ளிக்கூடத்தில் நம் தமிழ் வாத்தியார் கம்பனை எடுத்தார். "வாரணம் பொருத மார்பும் வரையினை எடுத்த தோளும், நாரத முனிவற்கு ஏற்ப நயம்பட உரைத்த நாவும்" என்று சொல்லிக்கொண்டே போய், அத்தனையையும் "களத்தே போட்டு, வெறுங்கையோடு இலங்கை புக்கான்" என்று முடித்தார். வகுப்பே சும்மா இருந்தது, எனக்கு மட்டும் தொண்டை அடைத்தது. வரையினை எடுத்த அந்தத் தோளை நான் கண்ணால் பார்த்தவன் அல்லவா! அவன் தோற்றதில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

ஆகவே என் கட்சி இதுதான்: எந்த வில்லனுக்கு ஆசிரியன் தன் குரலைக் கடன் கொடுத்தானோ அவன்தான் நிற்கிறான். நாயகனுக்காக வாதாட ஊரே இருக்கிறது, அவன் பேசாவிட்டாலும் நடக்கும். வில்லனுக்கு அவன் வாய் மட்டும்தான் துணை, அதைப் பிடுங்கிக்கொண்டால் அவன் வெறும் மீசை.

கம்பன் இதில் பெரிய கை. கும்பகர்ணனைப் பார். அண்ணன் செய்வது தப்பு என்று சபையில் வைத்தே சொல்கிறான், அதுவும் நம்ம ஊர்க் கிழவன்மார் குத்திப் பேசுவது மாதிரி, "பேசுவது மானம், இடை பேணுவது காமம், கூசுவது மானுடரை, நன்று நம கொற்றம்" என்று. பிறகு போர்க்களத்தில் விபீஷணன் வந்து ராமன் பக்கம் வா என்று கூப்பிடும்போது, இவ்வளவும் தெரிந்த ஆள், "நீர்க்கோல வாழ்வை நச்சி" என்று ஆரம்பித்து, என்னை இத்தனை நாள் வளர்த்து ஆயுதம் பூட்டி அனுப்பினவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன் என்கிறான். தண்ணீரில் போட்ட கோலம்! விபீஷணன் சொல்வதுதான் நியாயம், ஆனாலும் அந்த இடத்தில் எந்த வாசகனுக்கு விபீஷணன் பக்கம் போகத் தோன்றும்? பேத்தியிடம் வேறு யாரை விட்டாலும் இவனை விடாதே என்று சொல்லு.

கல்கியில் நீ நந்தினியைச் சொல்வாய் என்று தெரியும், அவளை ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது, போகட்டும். நான் நாகநந்தி என்கிற புத்த பிக்ஷுவைச் சொல்கிறேன். சிவகாமியின் சபதத்தில் நாலு பாகம், மூன்றாம் பாகத்துக்குப் பெயர் என்ன? பிக்ஷுவின் காதல். வில்லனின் காதலைப் பாகத் தலைப்பாக வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! புலிகேசியும் அவனும் ஒரே அச்சு, ஒருவனுக்குச் சிங்காதனம், இன்னொருவனுக்குக் காவித் துணி. அந்தக் காவித் துணிக்குள் இருந்துகொண்டு ஒரு நாட்டியக்காரியின் கலைக்காக உருகுகிறான், அதே கையால் அவள் வாழ்க்கையையும் குலைக்கிறான். மாமல்லனோ, அவள் வாதாபியில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்க, படை திரட்டுகிறான், திரட்டுகிறான், திரட்டிக்கொண்டே இருக்கிறான். நாயகன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாசித்து முடித்த பிறகு கனவில் வருகிறவன் பிக்ஷுதான்.

இன்னொரு வேடிக்கை, கல்கி முதலில் எழுதியது பார்த்திபன் கனவு, 1940-களின் தொடக்கத்தில். சிவகாமியின் சபதம் அதற்குப் பிறகு, 1944-இல்தான் தொடங்கியது. பார்த்திபன் கனவில் இதே ஆள் ஒற்றைக் கையோடு கபால பைரவனாக வந்து மிரட்டுகிறானே, அந்தக் கை எங்கே போனது என்று அடுத்த நாவலில் வந்துதான் முழுக்கச் சொல்கிறார். நாயகனுக்காகத் திரும்பிப் போய் ஒரு கதை எழுதுவது சகஜம். வில்லனின் கைக்காகவும் ஒரு மனுஷன் திரும்பிப் போயிருக்கிறார்.

வெளிநாட்டு ஆட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயாகோ: ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தில் ஒதெல்லோவைவிட வசனம் இவனுக்குத்தான் அதிகம், காட்சிக்குக் காட்சி நம்மைப் பார்த்துத் திரும்பித் தன் திட்டத்தைச் சொல்லி நம்மையும் கூட்டாளி ஆக்கிவிடுகிறான், கடைசியில் ஏன் செய்தாய் என்று கேட்டால் இனி ஒரு வார்த்தையும் பேசமாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான். ஜாவர்: ஜீன் வால்ஜீனைத் துரத்துகிறவன், இவனை வில்லன் என்று சொல்லலாமா என்றே தெரியவில்லை, சட்டத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத போலீஸ்காரன், தான் துரத்தின கைதியே தன் உயிரைக் காப்பாற்றினதும் கணக்கு உதைத்துப்போய் ஆற்றில் விழுந்து சாகிறான். சுத்தானந்த பாரதியார் ஏழை படும் பாடு என்று தமிழில் கொண்டுவந்தாரே, அதே பெயரில் 1950-இல் படமும் வந்தது. அதில் அந்த இன்ஸ்பெக்டராக நடித்த சீதாராமன் ஆயுசுக்கும் ஜாவர் சீதாராமன் ஆகிவிட்டார். அந்தப் படத்தில் நாயகனாக நடித்த நாகையாவுக்குக்கூடக் கதாபாத்திரத்தின் பெயர் ஒட்டவில்லை!

டிராகுலாவில்தான் என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. 1897-இல் வந்த புத்தகம், முழுக்க முழுக்க நாட்குறிப்பும் கடிதமும் தந்தியுமாகப் போகும். எல்லாரும் எழுதுகிறார்கள், பிரபுவைத் தவிர. அவன் கையெழுத்து என்று ஆரம்பத்தில் ஒரு வரவேற்புக் கடிதம், அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்த ஆரம்ப அத்தியாயங்களில் விருந்தாளியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தன் குலப் பெருமையை மணிக்கணக்கில் பேசுகிறான், பிறகு லண்டனுக்கு வந்ததும் வாய் திறப்பதே அபூர்வம். ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது. பேசவிடாமலே ஒரு வில்லனை நிற்கவைக்க முடியும் என்பதற்கு இது அத்தாட்சி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயம் வருகிறதே தவிர அவனுக்காக ஒரு நிமிஷம் வருத்தப்பட முடிகிறதா என்று பார்.

வருத்தம் என்றதும் ஒன்று. இப்போதெல்லாம் வில்லன் என்றால் உடனே சின்ன வயசில் அவனுக்கு யாரோ சோறு போடவில்லை, அதனால் கெட்டுப்போனான் என்று அரை மணி நேரம் காட்டிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பேசவிடுவது வேறு, விடுதலை பண்ணுவது வேறு. கம்பன் ராவணனை ஒரு இடத்திலும் விடுதலை பண்ணவில்லை.

இனி நம்ம ஊர்க் கதை. தக்கலை வழியாக எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்போம், அந்தப் பத்மநாபபுரத்தையும் சாரோட்டையும் சுற்றியும்தான் சி. வி. ராமன்பிள்ளையின் மார்த்தாண்டவர்மா நடக்கிறது, 1891-இல் வந்தது, மலையாளத்தின் முதல் சரித்திர நாவல். எங்கப்பா மலையாளம் படித்தவர், அதை எத்தனை தடவை வாசித்தார் என்று கணக்கில்லை. தலைப்பு இளவரசன் பெயரில், ஓடியாடி எல்லா வேலையும் செய்வது பைத்தியக்காரன் வேஷத்தில் அலையும் அனந்தபத்மநாபன். வில்லன் யார் என்றால் பழைய ராஜாவின் மகன் பத்மநாபன் தம்பி, தம்பிமாரில் மூத்தவன் (ராஜாவின் மகன்களுக்குத் தம்பி என்பது பட்டப்பெயர்). மருமக்கத்தாயத்தில் பட்டம் சகோதரி மகனுக்கு, பெற்ற மகனுக்கு ஒன்றுமில்லை, அதில்தான் சண்டை. நாவலில் இந்தத் தம்பி பெண்பித்தன், சூழ்ச்சிக்காரன், நல்லது ஒன்றும் கிடையாது. அப்பா வாசித்துச் சொல்லச் சொல்ல நான் அவனைத் திட்டிக்கொண்டே சோறு தின்றிருக்கிறேன்.

அப்புறம் அம்மை ஊர்க் கோயில் கொடைக்குப் போனோம். வில்லுப்பாட்டு. குடமும் உடுக்கும் முழங்க, பாடினது தம்பிமார் கதை. அதே ஆட்கள், அதே சண்டை, ஆனால் இங்கே தம்பிமார் நாயகர்கள்! ராஜா அவர்கள் தங்கையைப் பெண் கேட்கிறான், அவள் பிள்ளைக்குப் பட்டம் உண்டா என்று இவர்கள் கேட்கிறார்கள், அதில் பகை முற்றி, கடைசியில் நாகர்கோவிலில் வெட்டுப்பட்டுச் சாகிறார்கள். வில்லடிக்கிறவர் குரல் உடையும்போது அம்மை முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள், சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் துடைக்கிறார்கள். நான் குழம்பிப்போய் அம்மையிடம் கேட்டேன், அப்பா புத்தகத்தில் இவன் கெட்டவனாச்சே என்று. "புத்தகம் எழுதினவன் ராஜா கொட்டாரத்துப் பக்கம் நின்னு பாத்தான், இவன் செத்தவன் பக்கம் நின்னு பாடுகான், பேசாம கேளு" என்றாள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள்.

அந்த அம்மையும் சித்தப்பா விஷயத்தில் மட்டும் அப்பா புத்தகத்தைத்தான் வாசித்தாள். உனக்குத் தெரியும், எங்கள் வீட்டு வில்லன் அவர். கீழ வயலை ஏமாற்றி எழுதி வாங்கினார், கிணற்றடியில் அப்பாவை மண்வெட்டிப் பிடியால் அடித்தார், அதற்குப் பிறகு நாற்பது வருஷம் மதிலுக்கு இந்தப் பக்கம் பேச்சில்லை. மரம் விழுந்த மறுநாள் காலையில் குடையை ஊன்றிக்கொண்டு வந்து, விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்தார். எண்பத்தஞ்சு வயசு, கை நடுங்குகிறது.

"இந்தப் பிலா யாரு வச்சது தெரியுமாலே?" என்றார்.

பாட்டா என்றேன்.

"பாட்டா வச்சது வடக்க நிக்கது. இது நான் வச்சதாக்கும்."

அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார். அப்பா வாத்தியார் வேலைக்குப் படிக்கப் போனபோது பணம் கட்டினது இவராம், அதற்கு ஈடாகத்தான் வயல் எழுதிக் கொடுத்ததாம், பிறகு அப்பா அதை வெளியில் சொல்லவில்லையாம். நான் உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய வயல் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். வருஷம் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. அடித்ததைப் பற்றிக் கேட்டேன். இல்லை என்று சொல்லவில்லை, வருத்தப்படுகிறேன் என்றும் சொல்லவில்லை. "அடிச்சேன்" என்றார், அவ்வளவுதான். காப்பி குடிக்கிறீர்களா என்றதற்கு, சீனி போடாதே என்றார்.

பேத்திக்கு ஒன்று சொல்லு. மேடையில் பட்டியல் வாசிக்க வேண்டாம், கேட்கிறவர்கள் தூங்கிவிடுவார்கள். ஒரே ஒரு வில்லனை எடுத்து, அவன் வாயாலேயே மூன்று நிமிஷம் பேசட்டும். நாகநந்தி நல்ல தேர்வு, ஆனால் கம்பன் பாட்டு மனப்பாடம் ஆகுமென்றால் கும்பகர்ணன்தான். பாட்டுகளைத் தனியாக எழுதி அனுப்புகிறேன், உச்சரிப்பை நீ சொல்லிக்கொடுக்காதே, உனக்கு ழகரம் வராது.

இன்னொன்று. சிவகாமியின் சபதம் நாலாம் பாகம், சிதைந்த கனவு, தொடரைக் கிழித்துப் பாட்டா பைண்டு பண்ணி வைத்திருந்தது, பள்ளிக்கூடம் முடிந்த வருஷம் நீ வாங்கிக்கொண்டு போனாய். அதனால் நாகநந்தி கதி என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது. பங்குனித் திருவிழாவுக்கு வரும்போது அதைக் கொண்டு வா. தொலைத்துவிட்டாய் என்றால் உன் தரப்பைச் சொல்லி நாலு பக்கம் எழுது, கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பின்பெஞ்சுக்காரன்

பி.கு.: மதிலுக்குப் பாதிப் பணம் தருகிறேன் என்று சித்தப்பா நேற்று ஆள் விட்டிருந்தார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.